புதிய துப்பாக்கிக்குக் குறி அமைத்தல்

புதிய துப்பாக்கி ஒன்றும் அதன் மேல் பொருத்துவதற்குரிய தொலைநோக்கி ஒன்றும் ஒரே பெட்டியில் வந்து சேரலாம். ஆயினும் அவை இரண்டும் தனித்தனிக் கருவிகளேயாம். துப்பாக்கிக் குழல் ஒரு திசையை நோக்கி நிற்கிறது; தொலைநோக்கியினுள் இருக்கும் குறுக்கிழைகள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. குழலிலிருந்து புறப்படும் குண்டையும், குறுக்கிழைகள் காட்டும் பார்வைக் கோட்டையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரே புள்ளியிற் சந்திக்கச் செய்யும் வேலையே குறி அமைத்தல் எனப்படுவது.

இவ்வேலை இராணுவத்தினருக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் மட்டுமே உரியதன்று. 1948-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட தேசிய மாணவர் படையில் அதிகாரிகளாகப் பணிபுரியும் ஆசிரியர்கள், 0.22 அங்குலத் துப்பாக்கிகளைக் கொண்டு மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கின்றனர். வனத்துறை ஊழியர்களும் கால்நடை மருத்துவர்களும் குண்டுத் துப்பாக்கியையும் மயக்க ஊசித் துப்பாக்கியையும் கையாள வேண்டியிருக்கிறது. இவர்கள் அனைவருக்கும் குறி அமைக்கும் முறை தெரிந்திருத்தல் நன்று. அது கைத்திறமையைக் காட்டிலும் அளவிடும் முறையையே பெரிதும் சார்ந்தது. அளவிடும் முறையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. ஒரே ஒரு வேட்டைக் கண்டு கருவியைத் திருத்துவதே அப்பிழை.

குண்டு செல்லும் பாதை

குழலை விட்டு வெளிப்பட்ட குண்டு நேர்கோட்டிற் செல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், வெளிப்பட்ட கணத்திலிருந்தே புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையிற் செல்லும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காற்றின் தடை அக்காலத்தவர் கருதியதைவிட மிகப் பெரிது என்பதை ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் வெளியிட்ட தமது நூலில் நிறுவினார். எனவே, குண்டின் உண்மையான பாதை பரவளைவைவிட விரைவாகக் கீழ்நோக்கி வளைவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சாதாரண 0.22 அங்குலக் குண்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. 50 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 0.16 வினாடி ஆகிறது. இந்தக் குறுகிய நேரத்திலேயே அது சுமார் 12 செ.மீ. கீழிறங்கிவிடுகிறது. மேலும், தொலைநோக்கி குழலின் மேல் பொருத்தப்படுவதால் அதன் அச்சு குழலின் அச்சிற்கு ஏறத்தாழ 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆதலால் குண்டு 50 மீட்டரில் பார்வைக் கோட்டைத் தொட வேண்டுமானால், பார்வைக் கோட்டை நோக்க, குழல் 50 மீட்டருக்கு 16 செ.மீ. என்ற விகிதத்தில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை எனப்படும். ஒரு கலைக் கோணம் 100 மீட்டர் தொலைவில் 2.9 செ.மீ. அகலமும், 50 மீட்டர் தொலைவில் 1.45 செ.மீ. அகலமும் அடங்கும் கோணமாகும். மேற்கூறிய 16 செ.மீ. என்பது இக்கணக்கின்படி சுமார் 11 கலை. இவ்வளவு சிறிய சாய்வைக் கண்ணால் மட்டும் காண இயலாது. ஆனால் இதுவே குண்டு இலக்கைச் சேருமா, சேராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இவ்வாறு 50 மீட்டருக்குக் குறி அமைக்கப்பட்ட துப்பாக்கியின் குண்டு, முதலில் பார்வைக் கோட்டிற்குக் கீழிருந்து புறப்பட்டு, சுமார் 17 மீட்டரில் அக்கோட்டைக் கடந்து மேலேறுகிறது. 25 மீட்டரில் அது கோட்டிற்கு ஏறக்குறைய 1 செ.மீ. மேலே இருக்கும். 50 மீட்டரில் மீண்டும் கோட்டைத் தொட்டு, அதன்பின் விரைவாகத் தாழ்ந்து, 100 மீட்டரில் 20 செ.மீ.க்கும் மேலாகக் கீழே சென்றுவிடும். ஆகவே, “இத்துப்பாக்கிக்குக் குறி அமைக்கப்பட்டுள்ளது” என்று மட்டும் கூறுவது பொருளற்றது. எத்தனை மீட்டருக்கு என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் வெட்டப்பட்டுள்ள வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்கின்றன. 0.22 துப்பாக்கியில் வழக்கமாகப் பதினாறு அங்குலத்திற்கு ஒரு சுற்று இருக்கும். இதன்படி குண்டு வினாடிக்குச் சுமார் 800 முறை சுழலுகிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பது போலவே, இச்சுழற்சியினால் குண்டு தலைகீழாகப் புரளாமல் தன் முனையை முன்னிறுத்திச் செல்கிறது.

சுடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சுடுதளத்திற்குச் செல்வதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். முதலாவதாக, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். குழலினுள் பூசப்பட்டுள்ள எண்ணெயைத் துடைத்து நீக்க வேண்டும். எண்ணெய் படிந்த குழலிலிருந்து வரும் முதல் வேட்டு, பின் வருபவற்றோடு சேராமல் விலகி விழுவதுண்டு.

தொலைநோக்கியைத் தாங்கும் அடித்தகட்டின் திருகுகளையும் வளையங்களின் திருகுகளையும் சீராக முடுக்குதல் அடுத்த வேலை. ஒரு திருகு தளர்ந்திருந்தாலும், ஒவ்வொரு வேட்டின் அதிர்விலும் தொலைநோக்கி சிறிது நகரும். பின்னர் எவ்வளவு திருத்தினாலும் பயன் இராது. குறுக்கிழைகளில் நெட்டிழை செங்குத்தாக இருக்கிறதா என்பதைத் தொலைவில் தொங்கவிடப்பட்ட தூக்குக் குண்டு நூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொலைநோக்கியின் குவியத்தில் மெல்லிய இழையை வைத்துக் குறி பார்க்கும் முறையை 1640-ஆம் ஆண்டையொட்டி வில்லியம் காஸ்காயின் என்னும் ஆங்கில வானியலறிஞர் கண்டறிந்தார். இழையும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் அமைந்தாலன்றிக் குறி உறுதிப்படாது என்பது அம்முறையின் உட்கருத்து. இதனைச் சோதிப்பது எளிது. துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் அசையாது வைத்து, இலக்கைப் பார்த்தவாறே தலையைச் சிறிது மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். இழை இலக்கின் மேல் நகர்வது போலத் தோன்றினால் அங்கே இடமாறு தோற்றப் பிழை இருக்கிறது. அதனை நீக்குவதற்குரிய அமைப்பு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு முறையும் கண்ணை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். அதிர்வு மிகுந்த பெரிய துப்பாக்கியில் கண்ணைத் தொலைநோக்கிக்கு மிக அருகே வைத்தால் புருவத்தில் காயம் உண்டாகும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்து, தோட்டா ஒன்றையும் செலவிடாமலே ஒரு முன்னேற்பாடு செய்யலாம். பூட்டைப் பின்புறமாகக் கழற்றக்கூடிய துப்பாக்கியில், பூட்டை நீக்கி, குழலின் வழியே நேராக 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைப் பார்க்க வேண்டும். இலக்கு குழலின் வட்டத்தினுள் நடுவில் தெரியும்படி துப்பாக்கியை நிலைநிறுத்தி, பிறகு அதனை அசைக்காமல் தொலைநோக்கியின் குமிழ்களைத் திருகி, குறுக்கிழைகளை அதே இலக்கின் மேல் கொண்டுவர வேண்டும். இதனால் முதல் வேட்டு இலக்குத் தாளிலேனும் விழும் என்று எதிர்பார்க்கலாம்.

சுடுதளத்தின் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 0.22 குண்டு சிறியதெனினும், தடையின்றிச் சென்றால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழக்கூடியது. ஆகவே குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லாத இடத்தில், அனுமதி பெறாத எவ்விடத்திலும், இச்சோதனையைச் செய்தல் கூடாது.

ஐந்து வேட்டுகளின் நடு

இனி, வேலையின் உயிர்நாடியான பகுதிக்கு வருவோம். துப்பாக்கி மணல் மூட்டைகளின் மேல் இருக்கிறது. மூட்டை கட்டையின் முன்பகுதியைத் தாங்க வேண்டுமேயன்றிக் குழலைத் தொடலாகாது. சுடுபவர் மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்துகிறார். ஒரே தொகுதியைச் சேர்ந்த தோட்டாக்கள் ஐந்தை, ஒரே புள்ளியைக் குறிபார்த்து, 50 மீட்டரிலிருந்து சுடுகிறார். ஐந்து துளைகளும் ஒரே இடத்தில் விழுவதில்லை. தோட்டாவின் வெடிமருந்தில் நுண்ணிய வேறுபாடு, காற்றின் வேகத்தில் மாறுதல், கையின் அசைவு ஆகிய பல காரணங்களால் அவை சிதறி விழுகின்றன.

இலக்கின் மையத்திலிருந்து அவ்வைந்து துளைகளும் விழுந்த இடங்கள் பின்வருமாறு எனக் கொள்வோம். முதல் வேட்டு வலப்புறம் 1.0 செ.மீ., கீழே 5.0 செ.மீ. இரண்டாவது வலப்புறம் 2.5, கீழே 3.0. மூன்றாவது வலப்புறம் 3.5, கீழே 4.5. நான்காவது வலப்புறம் 2.0, கீழே 4.0. ஐந்தாவது வலப்புறம் 3.5, கீழே 3.5. வலப்புற அளவுகளின் கூட்டுத்தொகை 12.5, சராசரி 2.5 செ.மீ. கீழ்ப்புற அளவுகளின் கூட்டுத்தொகை 20; சராசரி 4 செ.மீ. ஆகவே இக்கூட்டத்தின் நடு, இலக்கின் மையத்திற்கு வலப்புறம் 2.5 செ.மீ., கீழே 4 செ.மீ. தொலைவில் உள்ளது.

பல தொலைநோக்கிகளில் குமிழின் ஒரு சொடுக்கு கால் கலையாகும். 50 மீட்டரில் அது குண்டு விழும் இடத்தை 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும். எனவே மேல்நோக்கி 11 சொடுக்கும், இடப்புறமாக 7 சொடுக்கும் திருகினால் கூட்டத்தின் நடு இலக்கின் மையத்திற்கு வந்துவிடும். இத்திருத்தம் செய்தபின் மீண்டும் ஐந்து வேட்டுகள் சுட்டு, அவற்றின் நடுவைக் கண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பொறுமையற்ற ஒருவர் இதையே வேறு விதமாகச் செய்கிறார் எனக் கொள்வோம். முதல் வேட்டு 5 செ.மீ. கீழேயும் 1 செ.மீ. வலப்புறமும் விழுந்ததைக் கண்டவுடன், மேலே 14 சொடுக்கும் இடப்புறம் 3 சொடுக்கும் திருகிவிடுகிறார். இரண்டாம் வேட்டு இப்போது மையத்திற்கு 2 செ.மீ. மேலேயும் 1.5 செ.மீ. வலப்புறமும் விழுகிறது. அதையும் உடனே திருத்துகிறார். மூன்றாம் வேட்டு 1.5 செ.மீ. கீழே, 1 செ.மீ. வலப்புறம். மீண்டும் திருத்துகிறார். நான்காம் வேட்டு இடப்புறம் 1.5 செ.மீ. சென்றுவிடுகிறது. அதனையும் திருத்த, ஐந்தாவது வலப்புறம் 1.5 செ.மீ. விலகுகிறது. முடிவில் அவர் தொலைநோக்கி பழுதானது என்றோ, துப்பாக்கி சரியில்லை என்றோ கருதுகிறார். கருவிகளில் குற்றம் இல்லை. அவர் திருத்தியது கருவியின் பிழையை அன்று. ஒவ்வொரு வேட்டின் தற்செயலான சிதறலையே மறுபடி மறுபடி திருத்தினார். ஐந்தின் சராசரியைக் கொண்டு ஒரே முறை திருத்தியிருந்தால், இதே இரண்டாம், மூன்றாம், நான்காம், ஐந்தாம் வேட்டுகள் யாவும் மையத்திலிருந்து 1.2 செ.மீ.க்குள் அடங்கியிருக்கும்.

பிழைகள் இருவகைப்படும். எல்லா வேட்டுகளையும் ஒரே பக்கமாகத் தள்ளுவது முறையான பிழை. அதனைக் குமிழைத் திருகி நீக்கலாம். வேட்டுக்கு வேட்டு மாறுவது தற்செயல் பிழை. அதனைக் குமிழால் நீக்க முடியாது. நல்ல தோட்டா, நிலையான தாங்குதல், பயிற்சி ஆகியவற்றாற் குறைக்கலாம். ஒரு துளையில் இவ்விரண்டும் கலந்தே இருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. ஐந்து துளைகளின் சராசரியில் தற்செயல் பிழையின் பங்கு, ஒரு துளையில் இருப்பதைவிட 5-இன் வர்க்கமூல மடங்கு, அதாவது 2.2 மடங்கு, குறைந்துவிடுகிறது. பத்துத் துளைகளாயின் 3.2 மடங்கு குறைகிறது. குறி அமைப்பதில் துளைகளை எண்ணிக் கணக்கிடுவதன் காரணம் இதுவே.

ஒலிம்பிக் போட்டிகளில் 50 மீட்டர் துப்பாக்கிப் பிரிவில் பத்துப் புள்ளி வழங்கும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. அப்போட்டியாளர்கள் பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கியைப் பயன்படுத்துவதில்லை, துளைக்குறியையே பயன்படுத்துகின்றனர். மிதமான குறுக்குக் காற்றே இத்தொலைவில் 0.22 குண்டை ஒரு செ.மீ.க்கும் மேலாக நகர்த்திவிடும். ஆதலால் உலகின் தலைசிறந்த வீரர்களுங்கூடக் கணக்கிற் சேராத வேட்டுகள் சிலவற்றை முதலிற் சுட்டு, தம் குறியைச் சரிபார்த்த பின்னரே போட்டியைத் தொடங்குகின்றனர்.

வகுப்பறையில் ஒரு சோதனை

துப்பாக்கியின்றியே இவ்வுண்மையை மாணவர்களுக்குக் காட்டலாம். தரநிர்ணய வல்லுநரான எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கர் புனல் சோதனை ஒன்றைத் தம் வகுப்புகளிற் பயன்படுத்தினார். அதனைச் சிறிது மாற்றி நம் பள்ளிகளிலும் செய்யலாம். அகன்ற தட்டில் மணலைச் சமமாகப் பரப்பி, நடுவில் ஒரு குறியிட வேண்டும். அதற்கு நேர் மேலே ஒரு தாங்கியில் புனலைப் பொருத்தி, கோலிக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் புனலின் வழியே விடவேண்டும். மணலில் விழும் பள்ளங்களை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

முதற் பகுதியில் புனலை அசைக்காமல் இருபது முறை விடுக. இரண்டாம் பகுதியில், ஒவ்வொரு குண்டும் குறியிலிருந்து எவ்வளவு விலகியதோ, அவ்வளவு தூரம் எதிர்த்திசையில் புனலை நகர்த்தி அடுத்த குண்டை விடுக. இரண்டாம் பகுதியிற் பள்ளங்கள் அதிகமாகச் சிதறியிருப்பதை மாணவர்கள் தாமே காண்பர். கணக்கின்படி, சிதறலின் அளவு ஏறத்தாழ 1.4 மடங்காக, அதாவது 2-இன் வர்க்கமூல மடங்காக, பெருகும். மழைமானி, தராசு, வெப்பமானி எதுவாயினும், ஒரே அளவீட்டைக் கொண்டு கருவியைத் திருத்துபவருக்கு இதே விளைவுதான்.

குறி தவறுவதன் விலை

சுடுதளத்தில் குறி தவறினால் இழப்பு ஒரு தாள் மட்டுமே. காட்டில் அப்படியன்று. குமாவுன் மலைப்பகுதியில் சம்பாவத் என்னும் ஊரை அடுத்து 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்திய பெண்புலி, 436 பேரைக் கொன்றதாக அவர் 1944-இல் வெளிவந்த தமது நூலில் குறிப்பிட்டுள்ளார். அதன் வலப்புறத்து மேற்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் பழைய துப்பாக்கிக் காயத்தினால் உடைந்திருந்தன. இயற்கையான இரையைக் கொல்ல முடியாமற் போனதற்கு அதுவே காரணம் என்பது அவர் கண்ட முடிவு. எவரோ முன்னொருநாள் சுட்ட வேட்டு விலங்கைக் கொல்லவும் இல்லை; அதனை விட்டு விலகிச் செல்லவும் இல்லை. அதன் பயனை அனுபவித்தவர்கள் விறகும் புல்லும் சேகரிக்கச் சென்ற மலைக் கிராமத்து மக்களாவர்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புலி முதலிய உயிரினங்கள் மனித உயிருக்கு ஆபத்தாக அமைந்தாலும், அவற்றைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ இயலாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் உறுதி கொண்டாலன்றிக் கொல்ல அனுமதியளிக்க முடியாது. ஆகவே களத்தில் முதலிற் கையிலெடுப்பது பெரும்பாலும் மயக்க ஊசித் துப்பாக்கியாகவே இருக்கிறது.

மயக்க ஊசிக்கும் குறி அமைத்தல் வேண்டும். அது இன்னும் கடினமானது. ஊசி வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 30 மீட்டரில் அது ஏறக்குறைய 90 செ.மீ. தாழும், 20 மீட்டரில் 40 செ.மீ. மட்டுமே தாழும். 30 மீட்டருக்கு அமைத்த குறியுடன் 20 மீட்டரில் நிற்கும் விலங்கைச் சுட்டால், ஊசி ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்திற் படும். தசை மிகுந்த தொடையில் விழ வேண்டியது முதுகெலும்பில் விழலாம். வாயு அழுத்தம் தேவைக்கு மேற்பட்டால் ஊசி ஆழமாகப் பாய்ந்து விலங்கைக் காயப்படுத்தும். எனவே தண்ணீர் நிரப்பிய பயிற்சி ஊசிகளைக் கொண்டு, ஒவ்வொரு தூரத்திற்கும் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் தனித்தனியே கூட்டம் கூட்டமாகச் சுட்டு, விழுந்த இடங்களைப் பட்டியலாக எழுதி வைத்தல் இன்றியமையாதது.

பதிவேடு

நம் நாட்டில், மேற்கு வங்காளத்து இஷாப்பூரில் 1904 முதல் துப்பாக்கிகள் உற்பத்தியாகி வருகின்றன. டேராடூனிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் குறிநோக்கிக் கருவிகளை வடிவமைக்கிறது. தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு நேர்த்தியாக வெளிவந்த கருவியாயினும், அது வந்து சேரும் கைக்கும், பயன்படும் தோட்டாவிற்கும், சுடும் தூரத்திற்கும் ஏற்பக் குறி அமைத்தல் களத்தில்தான் நடைபெற வேண்டும். ஒருவர் அமைத்த குறி மற்றொருவருக்கு அப்படியே பொருந்தாமற் போவதும் உண்டு; கன்னத்தைக் கட்டையில் வைக்கும் முறையும் கண்ணின் நிலையும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன.

எனவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பதிவேடு வைத்தல் நல்லது. சுட்ட நாள், சுட்டவர், தூரம், தோட்டாவின் வகையும் தொகுதி எண்ணும், காற்றின் நிலை, வெப்பநிலை, கூட்டத்தின் நடு, அகலம், திருகிய சொடுக்குகள் ஆகியவற்றை அதிற் குறிக்க வேண்டும். வேறொரு நாள் காலையில், குளிர்ந்த குழலிலிருந்து முதல் வேட்டு எங்கே விழுகிறது என்பதையும் தனியாகக் குறித்தல் வேண்டும். களத்தில் இரண்டாம் வேட்டுக்கு வாய்ப்புக் கிட்டுவது அரிது. தோட்டாவின் தொகுதி மாறினாலும், துப்பாக்கி கீழே விழுந்தாலும், ஜீப்பில் நெடுந்தூரம் குலுங்கி வந்தாலும், மீண்டும் ஐந்து வேட்டுகள் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்த ஐந்து தோட்டாக்களின் செலவைக் கருதி இச்சோதனையைத் தவிர்த்தல் எவ்வகையிலும் சிக்கனமாகாது.